துளசிக்கு, தட்டைத் திருப்பியது பற்றி

ஈப்போ,
ஞாயிறு காலை

அன்பு மகள் துளசிக்கு அப்பா எழுதுவது. கல்லுமலை முருகன் துணையில் நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் உனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

போன ஞாயிறு தாப்பாவிலிருந்து பவித்ரன் வீட்டார் உன்னைப் பெண் கேட்டுத் தட்டோடு வந்ததும், பதினாறு பேரும் போனைக் கைமாற்றி உன்னிடம் கேள்வி கேட்டதும் உனக்குத் தெரியும். நீ போனை வைத்த பிறகு நடந்தது தெரியாது. பவித்ரனின் அம்மா புஷ்பலதா என் வீட்டு வடையைத் தின்றுகொண்டே, "என்னண்ணே, ஆமாம் இல்லைக்கு மேல பொண்ணு வாயே தொறக்கல, தலக்கனமா, இல்ல ஏதும் கோளாறா லா?" என்றாள். பொறுத்துக்கொண்டேன். லூமுட்டில் மூன்று நாள் தன்முனைப்பு முகாம் நடக்கிறதாம், கைதட்டிக் கத்தி, முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து அழுதால் கூச்சம் போய்விடுமாம், நீ லீவில் வந்ததும் அங்கே அனுப்பிவிட்டுத்தான் பரிசம் போடுவார்களாம். "என் மக என்ன பழுதான மோட்டாரா, பட்டறைக்கு அனுப்ப?" என்று கேட்டு, தட்டை எடுத்து அவள் மடியிலேயே வைத்து வாசலைக் காட்டினேன். செய்தது சரி, இன்றும் சொல்கிறேன்.

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன், ஆனாலும் நூலகத்துக்குப் போய் இதைத் தேடிப் படித்தேன். சிலருக்குக் கூட்டத்தில் தெம்பு ஏறும், சிலருக்குத் தனிமையில் ஏறும், இரண்டும் நோயில்லை என்று போட்டிருக்கிறது. இதற்குப் புத்தகமே வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் பட்டை கீறிப் பால்மரம் வெட்டிய நாளில், எனக்கென்று ஒதுக்கிய மர நிரையில் ஓர் ஆளோடும் பேசாமல் முந்நூறு மரம் வெட்டுவேன், களைப்பே தெரியாது. பால் நிறுக்கும் இடத்தில் ஊர்க்கதை கேட்கும் அரை மணியில்தான் உயிர் போகும். உன் அம்மாவோ அந்த அரை மணிக்காகவே வேலைக்கு வந்தவள்.

வியாழக்கிழமை பவித்ரன் அதே தட்டோடு தனியாக வந்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, "துளசி என்கிட்ட நெறைய பேசும் மாமா, எழுத்துல. ரெண்டு வருஷமா" என்றான். இதை அன்றைக்கே புஷ்பலதா முன்னால் சொல்ல வாய் எங்கேயடா போனது என்று கத்தினேன். "பதினாறு பேர் இருந்தாங்க மாமா" என்றான். தட்டை மேசை மேல் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

அவன் போனதும் உன் அம்மா, "தட்டைத் திருப்புறதுக்கு முன்னாடி மகளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். அதோடு மூன்று நாளாகப் பேச்சு இல்லை. நீ பேசாமல் இருந்தால் வீடு வீடாகவே இருக்கும், அவள் பேசாமல் இருந்தால் சோறு இறங்காது. புஷ்பலதாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அவளை நினைத்தாலே இன்னும் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அவர்கள் பதினாறு பேர் உன்னைக் கேட்டார்கள், நான் ஒருவன் கேட்கவேயில்லை, அது உறுத்துகிறது.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, எந்தக் கூட்டத்துக்காகவும் உன்னை மாற்றிக்கொள்ளாதே. முருகன் உன்னைக் காப்பான். தட்டு மேசை மேல்தான் இருக்கிறது, வெற்றிலை காய்ந்து வாழைப்பழம் கறுத்துவிட்டது, உன் பதில் வராமல் அதை எடுக்க மாட்டேன். ஆமாம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும். அதற்கு மேல் உன்னை யாரும் கேட்க விடமாட்டேன்.

உன் அப்பா,
சன்னாசி