பாதிப் பெயரோடு நிற்கும் முள் மீன்

ஃபார்மலின் வாசனை புடவையில் ஏறிவிட்டது, டீச்சர். அலசிப் போட்டும் போகவில்லை. கொடியில் காயும் அந்தப் புடவையைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் மேல் கோபம் வருகிறது. இறந்துபோனவர் மேல் கோபப்படுவது நியாயமில்லைதான். ஆனாலும் வருகிறது.

நம் பள்ளிக்குப் புது ஆய்வகம் கட்டியிருக்கிறார்கள். உயிரினங்கள் ஃபார்மலினில் ஊறும் பழைய பாட்டில்களுக்கெல்லாம் புது லேபிள் எழுத வேண்டும் என்று, இப்போதைய விலங்கியல் டீச்சர், ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் என்னை உதவிக்குக் கூப்பிட்டாள். சின்னப் பெண். "முழுப்பேர் இல்லாத பாட்டிலெல்லாம் தூக்கிப் போடச் சொல்லிட்டாரும்மா எச்.எம்.," என்றாள். கடைசி வரிசையில் உங்கள் முள் மீன் இருந்தது. நைந்த லேபிளில் 'டயோடான்' என்ற தப்புப் பெயர் மட்டும் மிச்சம்.

அந்தப் பெயரோடு நீங்கள் சண்டை தொடங்கிய நாளில் நான் பக்கத்து மேசையில் தாவரவியல் ரெக்கார்டு திருத்திக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், எங்க மலையில முள்ளம்பன்றி சும்மா போவசொல்ல முள்ளு படுத்துக்கினு இருக்கும். மெரண்டாத்தான் தூக்கும். இது ஒடம்பு ஊதவே இல்ல, முள்ளு மட்டும் நிக்கினு இருக்குதே?"

அன்று நீங்கள் சாப்பிடவே வரவில்லை. மீனை வெளியே எடுத்து, இடுக்கியால் ஒரு முள்ளை விலக்கி, லென்ஸ் வழியாக எனக்குக் காட்டினீர்கள். டயோடானுக்கு முள் நீளம். சாதாரண வேளையில் உடம்போடு படிந்திருக்கும், மீன் தண்ணீரைக் குடித்து ஊதும்போதுதான் எழும். இதற்கோ குட்டை முள். தோலுக்கடியில் முக்காலிபோல மூன்று கால் ஊன்றி நிற்கிறது. படுக்க நினைத்தாலும் முடியாது.

"இது டயோடான் இல்ல டீச்சர். சைக்கிலிக்திஸ்," என்றீர்கள்.

"அப்ப வேற குடும்பமா?"

"குடும்பம் அதேதான். பல்லப் பாருங்க." மேலே ஒன்று, கீழே ஒன்று, கிளி மூக்கு மாதிரி. நடுவில் பிளவு இருந்து நான்காகத் தெரிந்தால் அது பேத்தை மீன் குடும்பம் என்றீர்கள். நான் என் வழியில் புரிந்துகொண்டேன். மரவள்ளியும் ஆமணக்கும் ஒரே குடும்பம்தான். அதற்காகக் கிழங்கு வேண்டுமென்று யாரும் ஆமணக்கைப் பிடுங்குவதில்லை.

அப்போதே லேபிளைக் கிழித்துவிட்டீர்கள். சரி, புதிதாக எழுதுங்கள் என்றேன்.

"பேர்ல முன்பாதிதான் தெரியும். பின்பாதி, எந்தச் சிற்றினம்னு தெரியாம எப்படி எழுதறது? கடலூர் போயி நாலு மீன வச்சிப் பாத்துட்டு எழுதறேன்."

"முன்பாதியையாவது எழுதி வைங்களேன்."

"பாதி எழுதினா போதும்னு விட்டுடுவோம் டீச்சர்."

பெயரில்லாத பாட்டிலால் பிள்ளைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. செய்முறைத் தேர்வுக்கு அவர்கள் மீனைப் படிப்பதில்லை, மூடியைப் படிப்பார்கள். சிவப்பு மூடி என்றால் டயோடான், பச்சை மூடி என்றால் நட்சத்திர மீன். அது தெரிந்துதானே மாதிரித் தேர்வன்று காலையில் மூடிகளை மாற்றிப் போட்டீர்கள்? பாதி வகுப்பு, ஐந்து கையோடு கிடந்த நட்சத்திர மீனுக்கு 'உடல் முழுதும் முட்கள், கிளி மூக்கு' என்று எழுதி வைத்தது. நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அப்போதைய தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை.

"பப்ளிக்ல மார்க்கு போச்சின்னா பெத்தவங்க என்னத்தான வந்து கேப்பாங்க? இன்னா வெளையாட்டும்மா இது? பழைய பேரையே ஒட்டுங்க."

வேறு யாரையோ வைத்து ஒட்டினார்கள். அதன் பிறகு எத்தனையோ வகுப்புகள் டயோடான் என்று எழுதி மதிப்பெண் வாங்கிப் போய்விட்டன. நீங்கள் கடலூர் போகவே இல்லை. மகள் பிரசவம் என்றீர்கள், விடைத்தாள் திருத்தும் வேலை என்றீர்கள், பிறகு முழங்கால், பிறகு சிறுநீரகம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி நின்றுகொண்டேதான் இருந்தது. ஒருநாள் ஏறியிருக்கலாமே, டீச்சர்? இல்லை, அந்தப் பாதிப் பெயரையாவது எழுதித் தொலைத்திருக்கலாமே?

இப்போது பேனா என் கையில். நானும் அந்தச் சின்ன டீச்சரும் போனில் தேடினோம். இரண்டு மூன்று சிற்றினங்கள் வந்தன. என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"ஒண்ண எழுதிடுங்கம்மா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் அவள். தப்பில்லை, பாட்டிலைக் காப்பாற்றத்தான் சொன்னாள். நானும் எழுதத்தான் உட்கார்ந்தேன். குடும்பத்தை எழுதினேன், சைக்கிலிக்திஸ் என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எரிச்சலோடு 'சிற்றினம்: இன்னும் தெரியவில்லை' என்று எழுதி ஒட்டினேன்.

இப்போதைய தலைமை ஆசிரியர் குனிந்து படித்தார். "இன்னாங்கம்மா, தெரியலன்னு எழுதி ஒட்டிக்கிறீங்க? தெறப்பு விழாவுக்கு வர்ற அதிகாரி படிச்சா சிரிப்பாரு."

"படிச்சா சந்தோஷம்தாங்க சார்."

அவர் தூக்கிப் போடவில்லை, வைக்கவும் விடவில்லை. விழா முடியும்வரை பாட்டில் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. 'டயோடான்' என்று ஏதாவது ஒரு முழுப்பெயரை எழுதியிருந்தால் முன்வரிசையில் இருந்திருக்கும்.

நேற்று அந்தச் சின்ன டீச்சர் போன் செய்தாள். பாட்டிலை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டாளாம். "புள்ளைங்க அதுகிட்டயே நிக்கிறாங்கம்மா. எப்பதான் தெரியும், நாங்களே கண்டுபிடிக்கலாமான்னு கேக்குறாங்க. மொதல்ல எதப் பாக்கணும்? முள்ள எண்ணணுமா, துடுப்பையா?"

அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். செடியென்றால் இலையடுக்கைப் பார், பூவைப் பிரி என்று சொல்லியிருப்பேன். மீனுக்கு என்ன சொல்வது? தெரியாது என்றேன். முன்பெல்லாம் வகுப்பில் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இப்போது கூச்சமில்லாமல் வருகிறது. அது உங்களிடமிருந்து வந்தது. சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காரத்தான் முடியவில்லை. அதுவும் உங்களிடமிருந்து வந்ததுதான், டீச்சர்.