முனியாயிக்கு நின்ற பிணை

8 மார்ச் 1931, ஞாயிறு

ஆள்குறைப்பில் நம் ரப்பர்த் தோட்டத்தை விட்டு நிறுத்தப்பட்ட முனியாயி, ரெம்பியாவில் காப்பிக்கடை போடுகிறாள். கடைவீட்டுக்காரச் சீனத் தவுக்கே, "தோட்டத்துக் கிராணி கையெழுத்துப் போட்டால்தான் சாவி" என்றானாம். நானும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிதானே, போய்ப் போட்டுவிட்டு வந்தேன். லீவுச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, நல்லவன் என்று ஒரு சீட்டு... நாள் முழுக்கப் போடுகிற கைதானே!

10 மார்ச்

பெண்டாட்டி யோகம் பத்திர நகலோடு வந்து நின்றாள். மிஷன் பள்ளியில் படித்தவள், ஒன்றையும் விடமாட்டாள்.

"இஞ்சேருங்கோ, இது நல்லவள் எண்டு குடுக்கிற சீட்டில்லை. பிணை. அவள் வாடகை குடுக்காட்டி, அவளைக் கேளாமலே தவுக்கே நேரே உங்களிட்டை வரலாம். வாசிச்சுத்தானே போட்டனீங்கள்?"

"பின்னை வாசிக்காமலோ?" என்று சீறினேன்.

எங்கே வாசித்தேன்!

19 ஆகஸ்ட்

தவுக்கே ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான். கடை ஒரு வாரமாகப் பூட்டிக் கிடக்கிறதாம், வாடகையும் வரவில்லையாம். "முதலில் அவளைத் தேடு" என்றேன். "அவளை ஏன் தேட வேண்டும்? நீ இருக்கிறாயே" என்று மலாயில் சொல்லிச் சிரித்தான். துரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடன்பட்ட கிராணியை ஒரு நாளும் வைத்துக்கொள்ளாத மனுஷன். வேலை போனால் குவார்ட்டர்ஸ் வீடும் போகும்.

கப்பல் ஏறிவிட்டாளா? தினம் எத்தனை பேர் ஊருக்குப் போகிறார்கள்! பாவி, என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாளே!

20 ஆகஸ்ட்

யோகம் பத்திர நகலை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஏசினாலாவது தேவலை.

22 ஆகஸ்ட், சனி

சைக்கிளில் ரெம்பியா போனேன். கடை திறந்திருந்தது. இருந்த கோபத்தில், காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன் — உன்னால் என் வேலை போகிறது, வீடு போகிறது, பெண்டாட்டியோடு நான் தெருவில் நிற்கவேண்டும், எங்கேயடி ஓடினாய்?

முனியாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "சுங்கை ரம்பாயிலே மகளுக்குப் பிரசவம்ங்கய்யா. புள்ள தங்கலே. இப்பத்தான் தவுக்கேகிட்டே வாடகையைக் குடுத்துட்டு வந்து அடுப்பு பத்த வச்சேன். ஓடிட்டேன்னு நெனச்சிட்டீங்களா?"

ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடிக்க முகமில்லை. ஆனாலும் குடித்தேன்.

30 நவம்பர்

துரை கூப்பிட்டார். விழுந்த ரப்பர் விலைக்கு இரண்டு கிராணி கட்டாதாம். போவது நான். பிணையால் அல்ல, வேலை சும்மாவே போய்விட்டது!

12 டிசம்பர்

முனியாயி கடைக்கு மேல்மாடி காலியாக இருக்கிறது. அதே தவுக்கேயிடம் வாடகைக்குக் கேட்டேன். "சம்பளமில்லாதவனுக்கு யார் பிணை?" என்கிறான். மலாக்காவில் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மச்சான் விஜயரட்ணத்தைப் பிணை நிற்கக் கேட்கப் போனோம். வீட்டில் இல்லை என்று வேலைக்காரன் சொன்னான். உள்ளே அவர் இருமுவது எங்களுக்குக் கேட்டது. திரும்பும் வழியெல்லாம் யோகம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

20 டிசம்பர், ஞாயிறு

கேள்விப்பட்டு முனியாயியே தவுக்கேயிடம் போயிருக்கிறாள். பிந்தினாலும் வாடகை தவறாதவள், அவள் எங்களுக்குப் பிணை நின்றால் போதும் என்றானாம்.

பத்திரத்தை வரி வரியாக வாசித்துச் சொன்னேன். "நான் குடுக்காட்டி அவன் என்னைக் கேளான். நேரே உங்களிட்டைத்தான் வருவான். கடைச் சாமானையும் தூக்குவான். விளங்குதோ? யோசிச்சுச் செய்யுங்கோ."

"அதெல்லாம் அன்னிக்கு நீங்க கடையிலே வந்து கத்தினீங்களே, அப்பவே வெளங்கிடுச்சுங்கய்யா. மையைக் குடுங்க."

பெருவிரலை அழுத்தி வைத்தாள். சேலைத் தலைப்பில் மையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க ஓடிட மாட்டீங்கல்ல?"

யோகம் சிரித்துவிட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு! நான் மாடிச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.