காதைத் தொட்டால் மறுபக்கம்

பிப்ரவரி 9

என் மகளுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று நீ ஓடிய ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாய். கொஞ்சம் இளைத்திருக்கிறாய், அவ்வளவுதான். நீ எங்கள் அணியை விட்டு அந்தப் பெரிய கிளப்புக்கு ஆடப் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடும். எழுதினால் கோபத்தை அடித்துவிட்டு மேலே எழுதலாம்.

எண்பத்தெட்டுக்கு முப்பத்தேழு. நான் கோச்சாக இருக்கும் எங்கள் சலவைக்கூடக் கூடைப்பந்து அணி இவ்வளவு கேவலமாக ஒருநாளும் தோற்றதில்லை. அதுவும் வெளியூர் போய், உன் கிளப்பின் பளபளக்கும் மரத்தரையில் வழுக்கி வழுக்கி விழுந்து. திரும்பும்போது வேனில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். வேன் ஓட்டிய உன் அப்பாதான், "இன்னிக்கு ஒரு தப்பும் பண்ணாதவன் நான் ஒருத்தன்தான். வழி மாறாம கொண்டுபோய்ச் சேர்த்தேனே" என்றார். நான் முறைத்த முறைப்பில் ரேடியோவையும் சேர்த்து அணைத்துவிட்டார்.

யார் எப்படி ஆடினார்கள் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னால்தான் என் மனசு ஆறும். நெட்டை கூடைக்கு அடியில் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றாள். திரும்பி வந்த ஒரு பந்து அவள் தலையில் விழுந்து உங்கள் ஆள் கைக்குப் போனது. "பந்து வர்றது தெரியலையாடி?" என்று கேட்டேன். "தெரிஞ்சுது, ஆனா அந்த டீம் அக்கா முன்னாடி நின்னாங்க" என்கிறாள். இஸ்திரிப் பிரிவில் வேலை செய்பவளை நாங்கள் எல்லோரும் இஸ்திரி என்றே கூப்பிடுகிறோம், உனக்கு நினைவிருக்கும். தூரத்திலிருந்து எறிய எங்களுக்கு இருக்கும் ஒரே ஆள் அவள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. முந்தின நாள் முழுக்க நின்று வேலை பார்த்த கால், என்ன செய்யும். சிட்டு பந்தை எத்தனை தடவை பறிகொடுத்தாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பொடிசு கடைசி விசில்வரை ஓடினாள். முகத்தைத் தொங்கப் போடவில்லை.

இனி உன் சங்கதி. கடைசிக் கட்டத்தில் சிட்டு உன்னைத் தாண்டிப் போய் இரண்டு கூடை போட்டாள். நீ ஒதுங்கி வழி விட்டாய். உன் காலை நான் அறிவேன். பரிதாபப்பட்டாயா? ஐம்பது பாயிண்டில் தோற்றதைக்கூட விழுங்கிவிட்டேன். இது தொண்டையிலேயே நிற்கிறது.

கோபம் தீராத,
அம்மா


பிப்ரவரி 15

அன்பு அம்மாவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அறைக்குப் போகக்கூடப் பொறுக்காமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். அடித்த இடங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் "கழுதை" என்று இருந்தது. படித்துவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!

நீ கேட்டதற்குப் பதில். முதல் தடவை சிட்டுவுக்கு நான்தான் வழி விட்டேன். அது தப்பு. இரண்டாவது தடவை நான் விடவில்லை அம்மா. அவளே தாண்டினாள். வலது பக்கம் போகிற மாதிரிக் காட்டிவிட்டு இடது பக்கம் நழுவிப் போனாள். நான் அசந்துபோய் நின்றதைத்தான் நீ வழி விட்டதாக நினைத்திருக்கிறாய். அவள் எந்த நேரமும் உன் கையையே பார்த்துக்கொண்டு ஆடுகிறாள். பார்க்காமல் ஆடிய ஒரே தருணம் அதுதான்.

நெட்டை சோம்பேறி இல்லை. என்மேல் இடிக்கும்போதெல்லாம் "மன்னிச்சிடுக்கா" என்கிறாள். ஒரு தடவை நான் விழுந்தபோது ஆட்டத்தை மறந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அதற்குள் எங்கள் ஆள் பந்தோடு போய்விட்டாள். யாரையாவது காயப்படுத்திவிடுவோமோ என்று பயப்படுகிறாள். வேறொன்றுமில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது என்று நாமெல்லாம் கையாலேயே பேசிப் பழகியவர்கள். நீ காதைத் தொட்டால் "இந்த டிரம் நிரம்பிவிட்டது, மறுபக்கம் போடு." தலையைச் சொறிந்தால் "கனமான மூட்டை, நெட்டையிடம் கொடு." இடுப்பில் கை வைத்தால் "துணி சிக்கிக்கொண்டது, நிறுத்து." அதையே நீ ஆட்டத்திலும் வைத்திருந்தாய். வேறு எந்த அணிக்கும் புரியாது. ஆனால் நானும் அந்த டிரம்முக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள்தானே? நீ காதைத் தொட்டதும் "மறுபக்கம்!" என்று நான் கத்தினேன். பந்து போவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் அங்கே நின்றார்கள். பாதி பாயிண்ட் அப்படி வந்ததுதான்.

நான் போன பிறகும் நீ ஏன் அதை மாற்றவில்லை அம்மா?

அப்பாவை மாத்திரை ஒழுங்காகப் போடச் சொல். நான் இளைக்கவில்லை, இந்தக் கிளப்பின் சட்டை தொளதொளவென்று இருக்கிறது.

உன் கழுதை


பிப்ரவரி 21

மகளே,

உன் அணிக்குச் சொன்னாய், சரியாகச் செய்தாய். தெரிந்ததை மறைத்து வைத்து ஆடியிருந்தால் உன்னோடு ஆடுகிறவர்களுக்குத் துரோகம். அதற்காகச் சோற்றைக் குறைக்காதே. என்னிடம் அதைச் சொன்னதுதான் அதிகப்பிரசங்கித்தனம். சொன்னது சொன்னதாக இருக்கட்டும். இனிமேல் உங்கள் அணியின் உத்தியைப் பற்றியோ எங்கள் அணியின் உத்தியைப் பற்றியோ ஒரு வரி எழுதினாலும் அந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடுவேன்.

ஏன் மாற்றவில்லை என்று கேட்டாய். சோம்பேறித்தனம் என்றுதான் அப்பாவிடம் சொன்னேன். அந்த மனிதர் நம்பவில்லை. உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். நீ திரும்பி வந்தால் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டாமே என்று அப்படியே வைத்திருந்தேன். வருவாய், இந்த மாதம் வருவாய், அடுத்த மாதம் வருவாய் என்று இருந்துவிட்டேன். நேற்று அந்த நினைப்பை விட்டேன். நீ அங்கே ஆடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆடும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன்.

இப்போது நிலவரத்தைக் கேள். மார்ச் 22 அன்று நீங்கள் எங்கள் ஊருக்கு வந்து ஆடுவதுதான் எங்களுக்குக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவில் தங்குவோம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவோம். இறங்கினால் வேன் கிடையாது என்று சலவைக்கூட மேலாளர் சொல்லிவிட்டார். "கீழே போற டீமுக்கு வண்டி எதுக்கும்மா?" என்றார். அதற்குப் பதிலை ஆடும் தரையில்தான் சொல்ல வேண்டும்.

ஷிப்ட் முடிந்ததும் தினமும் பயிற்சி. சலவைக்கூடத்துக்குப் பின்னால் சிமென்ட் தரையில், விரிப்புகள் காயப்போடும் கம்பிகளுக்கு இடையில். நெட்டைக்கு ஒரு தனிப் பாடம் நடக்கிறது. அவள் யாரை இடித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தரையை ஒரு சுற்று ஓட வேண்டும். முதல் நாள் ஓடியே களைத்துவிட்டாள்.

அம்மா


மார்ச் 8

அன்பு அம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் முகத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் அழுதுவிட்டேன். அறைத்தோழி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அம்மா, ஒன்று கேட்கிறேன், திட்டாதே. போன வாரம் பயிற்சியில் என் கணுக்கால் லேசாகப் பிசகியது. இப்போது வலி இல்லை. ஆனால் வலிக்கிறது என்று சொன்னால் எங்கள் கோச் நம்புவார். அந்த ஒரு ஆட்டத்துக்கு நான் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளட்டுமா? எங்களுக்கு அந்த ஆட்டத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. எப்படியும் மேலேதான் இருப்போம். உங்களுக்கு எல்லாமே அதில்தான். அப்பாவின் கையிலிருந்து வேன் சாவியை நானே பிடுங்குகிற மாதிரி இருக்கிறது. இஸ்திரி அக்கா என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பந்தெறியக் கற்றுக்கொடுத்தவர். அவரைத் தோற்கடித்துவிட்டு அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்?

நான் உன் மகள் அம்மா. எதிரி இல்லை.

பதில் எழுது. சீக்கிரம்.

உன் மகள்


மார்ச் 12

மகளே,

வலிக்காத காலுக்கு வலி வரக் கூடாது.

நீ பெஞ்சில் இருந்து நாங்கள் ஜெயித்தால், சிட்டு வாழ்நாள் முழுக்க "அக்கா ஆடியிருந்தா?" என்றே கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்தத் தலைவலியைக் கொடுக்காதே. எங்களுக்குப் பிச்சையாக ஒரு வேனும் வேண்டாம், ஒரு பிரிவும் வேண்டாம். உன்னோடு மோதி நின்றோம் என்று இருந்தால் போதும்.

நீ ஒதுங்கினால் எனக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இந்தக் கடிதப் போக்குவரத்து இத்தோடு சரி. என் பிடிவாதம் உனக்குத் தெரியும். உனக்கும் அதுதானே இருக்கிறது.

வா. ஆடு.

அம்மா


மார்ச் 23

என் மகளுக்கு,

நேற்று ஆட்டம் முடிந்து நான் உன் பக்கம் வருவதற்குள் உங்கள் பஸ் கிளம்பிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் பிள்ளைகளைப் பற்றி. நெட்டை உங்கள் பெரிய ஆளை மூன்று முறை தள்ளி நிறுத்திவிட்டுப் பந்தை எடுத்தாள். நேற்று அவள் வாயிலிருந்து ஒரே ஒரு "மன்னிச்சிடுங்க" வந்தது, அதுவும் நடுவரிடம், அவர் காலை மிதித்ததற்கு. இஸ்திரி மேலாளரோடு சண்டை போட்டு முந்தின நாள் லீவு வாங்கிவிட்டாள். நின்று நின்று வீங்காத காலோடு அவள் எறிந்ததை நீயே பார்த்தாய். கம்பிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவள் பிள்ளைகள் கத்திய கத்தலில் எனக்கு இன்னும் காது அடைத்திருக்கிறது.

சிட்டுவிடம் ஆட்டத்தையே ஒப்படைத்துவிட்டேன். "என் கையைப் பார்க்காதே. நான் என்ன பண்ணாலும் பார்க்காதே. உனக்குத் தோணுறதை ஆடு" என்றேன். பயந்தாள். "தப்பாயிட்டா?" என்றாள். "தப்பானா ஆகட்டும், உன் தப்பா இருக்கட்டும்" என்றேன்.

அதனால்தான் பாதி ஆட்டம்வரை நான் காதைத் தொட்டேன், தலையைச் சொறிந்தேன், இடுப்பில் கை வைத்தேன். ஒன்றுக்கும் அர்த்தமில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நீ "மறுபக்கம்!" என்று கத்த, உங்கள் ஆட்கள் மறுபக்கம் ஓட, சிட்டு இந்தப் பக்கம் நடந்துபோய்க் கூடையில் போட்டாள். உன் கோச் உன்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். உனக்குப் புரிந்ததும் நின்ற இடத்திலேயே இடுப்பில் கை வைத்து என்னை முறைத்தாய். அந்த முறைப்பு என்னுடையது. எங்கே போனாலும் அதை நீ விடப் போவதில்லை.

அதற்கப்புறம் நீ என் பக்கம் திரும்பவில்லை. அதற்கப்புறம்தான் ஆட்டமே நடந்தது.

ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். கடைசியில் பந்து உன் கைக்கு வந்தபோது நானும் எழுந்து நின்றேன், அப்பாவும் எழுந்து நின்றார். நீ யாருக்காவது பாஸ் கொடுத்துவிடுவாய் என்று ஒரு நொடி பயந்தேன். உன் பக்கத்திலேயே ஒருத்தி தடுக்க ஆளில்லாமல் நின்றாள். அவளிடம் கொடுத்து அவள் தவறவிட்டிருந்தால் உன்மேல் ஒரு பழியும் வந்திருக்காது. நீ கொடுக்கவில்லை. சிட்டு உன்னைத் தடுக்க வந்தாள், நன்றாகவே தடுத்தாள். நீ அவளைத் தாண்டிப் போய் எறிந்தாய். கூடைக்குள் போய் விழுந்தது. நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டோம்.

சிட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அக்கா நிஜமாத்தான் ஆடுனாங்க, இல்ல?" என்று கேட்டாள். "ஆமாண்டி, நிஜமாத்தான்" என்றேன். அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை எந்த வேனுக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இன்று காலையிலேயே மேலாளர் சாவியைக் கேட்டார். அப்பா துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த சீசனில் பேருந்தில் போவோம். அப்பா இப்போதே பேருந்து நேரங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறார். நாளை மாலை பயிற்சி. ஒருத்தியும் லீவு கேட்கவில்லை. ஒரே வருடம்தான் கீழே இருப்போம், சொல்லி வை உன் கோச்சிடம்.

இனி உன் ஆட்டம். கடைசிப் பந்தை நீயே எடுத்துக்கொண்டது சரி. எதிரில் நிற்பது யார் என்று பார்க்காமல் எறிந்தது மிகவும் சரி. உன்னை வளர்த்ததில் நான் எங்கேயும் தப்பு செய்யவில்லை என்று அந்த நொடியில் தோன்றியது. தோற்ற கோச் ஒருத்தி தரையில் நின்று கைதட்டியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அம்மா முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினாய் பார், அது ஒன்றுதான் தப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்து அதைத் திருத்திக்கொள்.

அம்மா