பாறையில் ஒரு விரிசல்

அன்புள்ள அத்தாவுக்கு சலாம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

அணுக்கழிவைப் புதைக்கப்போகும் பாறை பத்து லட்சம் ஆண்டு தாங்குமா என்று சோதிப்பதுதானே என் வேலை. நேற்று அந்தப் பாறை இருக்கும் ஜெர்மன் கிராமத்தில் கூட்டம். ஆபத்தே இல்லை என்று சொல்லச் சொல்லி மேலாளர் என்னை மேடையேற்றினார். ஒரு விவசாயி எழுந்து, “உன் அப்பா தோட்டத்துக்கு அடியில் புதைப்பாயா?” என்று கத்தினார். நம் கம்பத்துத் திராட்சைப் பந்தல் கண்ணில் வந்தது.

“மாட்டேன். பாறையில் விரிசல் இருக்கிறது” என்றேன்.

மேலாளர் மைக்கைப் பிடுங்கினார். “இத்தனை நாள் ஏன் மறைத்தாய்?” என்று ஊர்க்காரர்கள் முட்டை வீசினார்கள். கோட்டைத் துவைத்தால் சரியாகிவிடும்.

இன்று அலுவலகத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. பாறையில் குறையே இல்லை என்ற அறிக்கை மட்டும் என் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. அப்சல் மாமா வரும்போது மல்லித்தூள் கொடுத்தனுப்புங்கள். ஒருத்திக்குத்தான் சமைக்கிறேன், இருந்தாலும் நிறைய வேண்டும்.

“வம்பு எதுக்கு ஆத்தா, கையெழுத்தப் போட்டுட்டு வந்திரு” என்பீர்கள். விரிசலை மறைத்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அத்தா. பஸ் வந்துவிட்டது.

மகள் அப்ரின்