சிவப்பு முக்கோணத்து வரிசை

தாராவி, பம்பாய் 17
14-2-86, வெள்ளி

அன்புக் கொழுந்தன் ஜமாலுக்கு, உன் மைனி ஷரீஃபுன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் அண்ணனும் உன் பெண்டாட்டி சாயிராவும் அல்லாஹ் கிருபையால் சுகம். ஷார்ஜாவில் நீயும் உன் தொந்தியும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போட்டோவில் பார்த்தோம். சட்டைப் பித்தான்தான் பாவம்.

என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சாயிராவை எழுதச் சொன்னால் பாதியில் அழுதுவிடுகிறாள். அதனால் இரண்டாம் வகுப்புக்காரி நானே எழுதுகிறேன்.

முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் பிள்ளை இல்லாதவர்களுக்கு இனாமாக வைத்தியம் என்று கேள்விப்பட்டு அவளைக் கூட்டிப் போனேன். பலகை எல்லாம் மராட்டி. ஒரு இடத்தில் சிவப்பு முக்கோணமும், வாப்பாவும் உம்மாவும் இரண்டு பிள்ளைகளும் சிரிக்கிற படமும் இருந்தது. பிள்ளை கொடுக்கிற இடம் இதுதான் என்று வரிசையில் நின்றோம். ஒருத்தி பிளாஸ்டிக் வாளியோடு வெளியே வந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்ட இப்பவே வாளி தருகிறதே சர்க்கார், என்ன தாராளம் என்று சாயிராவிடம் சொன்னேன். எங்கள் முறை வந்த பிறகுதான் தெரிந்தது, அது பிள்ளை போதும் என்று ஆபரேசன் செய்துகொள்கிறவர்கள் வரிசை, வாளி அதற்கு இனாம். கொஞ்சம் அசந்திருந்தால் உன் மைனியும் வாளியோடு வந்திருப்பாள். சாயிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நாளாச்சு.

சரியான இடம் பின்கட்டில், மாடிப்படிக்கு அடியில். பிள்ளை வேண்டாம் என்றால் தினமும் டாக்டர். வேண்டும் என்றால் புதன்கிழமை மட்டும் ஒரே டாக்டரம்மா. ஆனால் தங்கமான மனுசி. மருந்து, சோதனை எல்லாம் இனாம். வெளியே பார்த்தால் உன் அண்ணன் தன் தோல் பட்டறையையே விற்க வேண்டும்.

சாயிராவுக்கு எல்லாச் சோதனையும் முடிந்தது. அவளிடம் ஒரு குறையும் இல்லையாம். புருசன் எங்கே என்று கேட்டார். கல்யாணமான நாள் முதல் நீங்கள் சேர்ந்திருந்தது எவ்வளவு என்றும் கேட்டார். அந்த இந்தியை நான் தமிழில் சொன்னதும் சாயிரா துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். நான்தான் பதில் சொன்னேன். தபாலில் பணம் வரும், பிள்ளை வராது என்றார் டாக்டரம்மா. அது என் வாயில் வந்தது இல்லை தம்பி, பெரிய படிப்புப் படித்தவர் சொன்னது.

இனி உன்னைச் சோதித்தால்தான் மேற்கொண்டு வைத்தியம். கொஞ்சம் ஜோடிகளுக்குத்தான் முனிசிபாலிட்டி பணம் ஒதுக்குகிறதாம். நோன்புக்கு முன்னால் நீ வராவிட்டால் சாயிராவின் இடம் அடுத்த ஜோடிக்குப் போய்விடும். டாக்டரம்மா மேல் குற்றமில்லை. வெளியே பெஞ்சு கொள்ளாமல் பெண்கள்.

ஆம்பளைக்கு எதுக்குச் சோதனை என்று எழுதியிருந்தாய். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவன்தானே நீ. இதில் ஊசி இல்லை, கேட்டுவிட்டேன். வேறு என்ன என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கடையநல்லூரில் உன் உம்மா உனக்கு இன்னொரு பெண் பார்த்திருப்பது சாயிராவுக்குத் தெரியும். நீ சரி என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. தபால்காரர் வந்தால் அவள் உள்ளே போய்விடுகிறாள்.

எனக்குப் பிள்ளை இல்லை என்று உன் உம்மா, என் மாமி, அந்தக் காலத்தில் உன் அண்ணனுக்கும் இப்படித்தான் இன்னொரு பெண் பார்த்தார்கள். அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இவ ஒருத்தி வாயே எனக்குப் போதும்மா. தம்பிய அனுப்பி வையி, நாங்க வளத்துக்கிடுதோம்." அப்படித்தான் நீ பம்பாய் வந்தாய்.

அந்த வாளி வரிசையில் நர்சு என்னிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டாள். ஒண்ணுதான், ஷார்ஜாவில் இருக்கான் என்று சொல்லிவிட்டேன்.

டிக்கெட் போட்டதும் கடிதம் எழுது. என் பெயருக்கு வேண்டாம், சாயிரா பெயருக்குப் போடு. தபால்காரர் குரலுக்கு அவள் வாசலுக்கு வரட்டும். ரப்பு உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உன் வாயாடி மைனி,
ஷரீஃபுன்னிசா