மறுஇணைப்பில் ஓர் ஓட்டை

மார்ச் 4

பல் தேய்க்கும்போதே பொறி தட்டியது. சோதித்துப் பார்த்தேன். செய்திகளைப் பிறர் படிக்காமல் பூட்டி அனுப்பும் எங்கள் குறியாக்க நிரலில் ஓட்டை. பாதியில் அறுந்த இணைப்பு மறுபடி சேரும்போது, எதிர்முனையில் இருப்பது யார் என்று நிரல் சரிபார்ப்பதே இல்லை. நடுவில் எவன் புகுந்தாலும் எல்லாவற்றையும் படிக்கலாம். நானே புகுந்து படித்தேன்.

அக்கா நடத்தும் காப்பகத்தில், கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்கள் இதை நம்பித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

என் கூட்டாளி தாடியிடம் மட்டும் சொன்னேன். ஒன்பது வருடமாக இந்த நிரல் எங்கள் இருவர் பொறுப்பு. "பதறாத. யார்கிட்டயும் மூச்சு விடாத, நான் பாத்துக்கறேன்" என்றான்.

மார்ச் 6

அவன் பார்த்துக்கொள்ளவில்லை. நானே திருத்த உட்கார்ந்தேன்.

மார்ச் 7

பழைய அஞ்சல்களைத் துழாவினேன். இரண்டு வருடம் முன்பு ஒரு கணக்கு டீச்சர் எழுதியிருக்கிறார். இதே ஓட்டை, வரி எண்ணோடு. கீழே தாடியின் பதில்: "சரிபார்த்தோம். குறை ஏதுமில்லை."

பார்த்தோமா? நான் எங்கடா பார்த்தேன்?

மார்ச் 8

தாடியிடம் நேரில் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்போ மாநாட்டுல நம்ம நிரலைப் பத்திப் பேசவேண்டியிருந்துச்சு. மானம் போயிருக்கும். அப்புறம்... அப்படியே தள்ளிப்போச்சு."

"ரெண்டு வருஷமா?"

"உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டே. உனக்காகத்தான்."

எனக்காகவாம்! அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் கூடவே இருந்தவன். அந்த ஆள்தானா இவன்?

மார்ச் 9

அக்காவிடம் சொல்லிவிட்டேன். போன மாதம் காப்பகத்துப் பெண் ஒருத்தியின் புது முகவரி எப்படியோ கணவனுக்குத் தெரிந்துவிட்டதாம். "இதனாலதானாடி?"

"தெரியலக்கா."

தெரியவே போவதில்லை. அதுதான் அரிக்கிறது.

மார்ச் 11

திருத்தம் தயார். வெளியிட, இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும். "நான் பாக்கறேன். ஆனா ஓட்டையைப் பத்தின அறிவிப்புல அந்த டீச்சர் லெட்டர் வேணாம்" என்றான் தாடி. போனை வைத்துவிட்டேன்.

டீச்சருக்கு எழுதினேன். மன்னிப்பில் தொடங்கி, திருத்தத்தைச் சரிபார்த்துத் தரக் கேட்டு முடித்தேன்.

மார்ச் 12

டீச்சரின் பதில்: "மன்னிப்பு இருக்கட்டும்மா. உங்க திருத்தத்துல பதினேழாவது வரி தப்பு."

சுருக்கென்றது. பார்த்தேன். தப்புதான். மாற்றி மறுபடி அவருக்கே அனுப்பினேன்.

மார்ச் 14

வெளியிட்டாயிற்று. டீச்சரின் கடிதம், தாடியின் பதில், இரண்டும் தேதியோடு அறிவிப்பில் இருக்கின்றன. காப்பகத்தின் எல்லா போன்களிலும் அக்கா புதுப் பதிப்பை ஏற்றிவிட்டாள்.

'சரிபார்த்தவர்' என்ற இடத்தில், பழக்கத்தில் தாடியின் பெயரையே அடித்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, டீச்சரின் பெயரை எழுதினேன்.