நான் ஒப்புதல் தராத உன் நிரல்

இன்று காலை மண்ணச்சநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவித்த நெல்லின் வாடை முகத்தில் அடித்தது. உனக்கு அந்த வாடை ஆகாது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பாய். இன்று தனியாக நடந்தேன். கை சும்மா இருக்க மாட்டாமல் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் அந்த இயங்குதளத்தில், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான நிரலில் ஒரு பகுதி நாம் எழுதியது. திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில், ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதினோம். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டர்கள் ஒரே சமயத்தில் பல வேலை பார்க்கத் தொடங்கின. நம் நிரல் ஒவ்வொன்றாகத்தான் பார்க்கும். மற்றதெல்லாம் முடங்கி நிற்கும்.

அதை முதலில் சொன்னவள் நீ. மூன்று மாதம் உட்கார்ந்து முழுவதையும் புதிதாக எழுதி அனுப்பினாய். அந்தப் பகுதிக்கு வரும் மாற்றங்களைப் படித்து ஒப்புதல் தரும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் தரவில்லை. இன்னும் சோதிக்க வேண்டும் என்றேன். அப்புறம் இந்த மண்ணச்சநல்லூர் அரிசி மில்லைக் காரணம் காட்டினேன். எடைமேடையையும் ஆபீசையும் இணைத்து நாம் அமைத்துக் கொடுத்தது பழைய நிரலில்தான் ஓடுகிறது, மாற்றினால் அறுவடைச் சமயத்தில் நின்றுவிடும் என்றேன்.

திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில் வைத்து நீ கேட்டாய்: "மில்லு நின்னுடும்னு பயப்படுறியா, இல்ல நாம எழுதினது போயிடும்னு பயப்படுறியாடி?"

நான் பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தேன். உன் பஸ் வந்தது. அதன்பிறகு ஏழு மாதம் நாம் பேசிக்கொள்ளவே இல்லை. பிறகு உன் தம்பி போன் செய்தான். மூளையில் ரத்தக் கசிவு, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது என்றான்.

போன வாரம் பழைய நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து எவரும் கம்ப்யூட்டரை முடக்கிவிடலாம். இனியும் தள்ளிப்போட வழியில்லை. ஒப்புதல் தருமுன் மில்லில் என்ன ஆகும் என்று பார்த்துவிட வந்தேன்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் மில் முதலாளி விழித்தார்.

"உங்க ஃப்ரெண்டு போன வருஷமே வந்து புதுசு போட்டுட்டுப் போயிட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

மூன்று முறை வந்தாயாம். எடைமேடைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து குறித்துக்கொண்டாயாம். அவர் என்னைப் பற்றி விசாரித்தபோது, "ஒரு அறுவடை ஓடட்டுங்க, அப்புறம் நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்" என்றாயாம். அந்த அறுவடை வருமுன்பே நீ போய்விட்டாய். அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அறுவடை முழுக்க ஒரு நாள்கூட நின்றதில்லை என்றார்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து உன் நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்றுகூட ஒரு கணம் தேடியது மனம். கிடைக்கவில்லை. ஒப்புதல் தந்தேன். நம் இருவர் பெயரோடு இருந்த பழைய கோப்பு போனது. உன் பெயர் மட்டும் இருக்கும் கோப்பு வந்தது. தூர தேசங்களிலிருந்து பாராட்டி எழுதுகிறார்கள். ஒன்றையும் முழுதாகப் படிக்க முடியவில்லை.

நீ போனதிலிருந்து, வேறு யார் மாற்றம் அனுப்பினாலும் அன்றே படித்துவிடுகிறேன். வேண்டாம் என்றாலும் அன்றே காரணத்தோடு சொல்லிவிடுகிறேன். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்கு, ஒருத்தியைக் காக்கவைத்துவிட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன்.